பூனைக்கு வாசல் திறக்கலாமா?

பூனை வளர்க்கும் வீடுகளில் எப்போதும் இரண்டு கட்சிகள் உண்டு. “பூனை என்றால் நாலு இடம் சுற்றத்தான் செய்யும். அதைக் கட்டியா போட முடியும்?” என்பது ஒரு கட்சி. “வெளியே விட்டால் எங்காவது அடிபட்டுச் சாகும், வீட்டுக்குள்ளேயே கிடக்கட்டும்” என்பது எதிர்க்கட்சி. நாய்க்குச் சங்கிலி இருக்கிறது. மாட்டுக்குக் கட்டுத்தறி இருக்கிறது. கோழியைக் கூடை போட்டுக் கவிழ்த்து விடுகிறோம். பூனைக்கு மட்டும் அப்படி ஒன்றும் கிடையாது. காலையில் கதவைத் திறப்பவர் யாரோ அவர்தான் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. அநேக வீடுகளில் கதவைத் திறப்பவர்கள் நாம்தானே! ஆகையால் இது நம்முடைய கவலை.

எங்கள் வீடு இருப்பது அயோத்தியாப்பட்டணத்தில். சேலத்திலிருந்து ஆத்தூர் போகும் வழியில், கோதண்டராமர் கோயில் இருக்கிறதே, அந்த ஊர். ஒரு பக்கம் லாரியும் பஸ்ஸும் ஓயாத ரோடு. இன்னொரு பக்கம் விருத்தாசலம் போகும் ரயில் பாதை. நடுவில் ஓட்டு வீடும் மாடி வீடும் கலந்த தெருக்கள். ஊர்க் கோடியைத் தாண்டினால் தென்னந்தோப்பும் குச்சிக்கிழங்குக் காடும். எலிக்குப் பஞ்சமில்லாத ஊர், அதனால் பூனைக்கும் பஞ்சமில்லை.

போன வருஷம் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்த குட்டிக்குப் பொன்னி என்று பெயர் வைத்தோம். வெள்ளை, கறுப்பு, செம்பட்டை என்று மூன்று நிறம். மூன்று நிறப் பூனை என்றால் அநேகமாகப் பெட்டையாகத்தான் இருக்கும், இது பெரியவர்களும் சொல்வார்கள், டாக்டர்களும் சொல்வார்கள். அது வெளியே போகத் துடிக்கும் வயதில்தான், பெண் தலைப்பிரசவத்துக்கு வரப் போகிறாள் என்ற நிலை வந்தது. வீட்டில் ஆளுக்கு ஓர் அபிப்பிராயம்.

“புள்ளத்தாச்சிப் பொண்ணு வர்ற வூட்டுல பூனை எதுக்குக் கண்ணு? வெளிய வுட்டுடு. வேணும்னா ராத்திரிக்குக் கொஞ்சம் சோறு திண்ணையில வெச்சுடு” என்றார் அத்தை.

“எலி புடிக்கிறதுக்குத்தானே பூனை? உள்ள பூட்டி வெச்சா என்ன பிரயோஜனம்?” என்றார் இவர்.

“அம்மா, நான் வர்றேன்னு பொன்னியை எங்கேயும் அனுப்பிடாதே” என்று பெண் போனில் கெஞ்சினாள்.

பிறக்கப் போகும் பேரக் குழந்தை ஒரு பக்கம், வாயில்லாப் பிராணி ஒரு பக்கம். சும்மா ஒருவர் சொன்னார் என்று முடிவு செய்யக் கூடாது என்று நினைத்து, பெண்ணைப் பார்த்த டாக்டரம்மாவிடமும் கால்நடை டாக்டரிடமும் கேட்டேன். புத்தகங்களும் படித்தேன். தெரிந்து கொண்டதை உங்களுக்கும் சொல்கிறேன்.

இது புதுக் கேள்விதான்

மனிதனும் பூனையும் சேர்ந்து வாழ ஆரம்பித்து ரொம்ப காலம் ஆகிறது. சைப்ரஸ் தீவில் சுமார் 9500 வருஷங்களுக்கு முன் ஒரு மனிதரைப் புதைத்த இடத்துக்குப் பக்கத்திலேயே ஒரு பூனையையும் புதைத்திருப்பதைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். தானியம் சேர்த்து வைத்த இடத்துக்கு எலி வந்தது, எலியைத் தேடிப் பூனை வந்தது. அப்படி வந்த பூனை எப்போதும் பாதி வீட்டிலும் பாதி வெளியிலுமாகத்தான் இருந்தது.

முழுக்க வீட்டுக்குள் வைத்து வளர்ப்பது என்பது நேற்று வந்த பழக்கம். காரணம் மலஜலம். 1947-ல் அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தில் எட்வர்ட் லோ என்பவரிடம் பக்கத்து வீட்டு அம்மாள் ஒருவர் பூனைக்கு மணல் கேட்டு வந்தாராம். அதுவரை அவர் அடுப்புச் சாம்பலைப் போட்டு வைத்திருந்தார். பூனை சாம்பலை மிதித்து வீடெல்லாம் கறுப்பாகக் கால் தடம் பதித்துக் கொண்டிருந்தது. லோ தன்னிடம் இருந்த, ஈரம் உறிஞ்சும் ஒருவகைக் களிமண்ணைக் கொடுத்தார். அது நன்றாக உறிஞ்சியது, நாற்றமும் அடங்கியது. அதிலிருந்துதான் கடைகளில் பை பையாக விற்கும் பூனை மண் வியாபாரம் பெருகிற்று. ஓர் இல்லத்தரசியின் தரை துடைக்கிற சிரமம்தான் இத்தனைக்கும் ஆரம்பம் என்பதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது.

வாசலுக்கு வெளியே என்ன இருக்கிறது?

பூனையை விட்டால் மைல் கணக்காகப் போய்விடும் என்று நினைக்கிறோம். அப்படி இல்லை. ஆறு நாடுகளில் 925 வீட்டுப் பூனைகளுக்குக் கழுத்தில் கருவி கட்டிப் பார்த்து 2020-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். அநேகப் பூனைகள் வீட்டைச் சுற்றி நூறு மீட்டர் அளவிலேயே பெரும்பாலான நேரத்தைக் கழித்திருக்கின்றன. ‘அப்பாடா’ என்று இருந்து விடாதீர்கள். உங்கள் வாசலிலிருந்து நூறு மீட்டருக்குள் என்னென்ன இருக்கின்றன என்று ஒரு தரம் எண்ணிப் பாருங்கள். எங்கள் வீட்டிலிருந்து எண்ணினால் ரோடு இருக்கிறது, நாலைந்து தெரு நாய்கள் இருக்கின்றன, எலி மருந்து வைக்கும் வீடுகளும் இருக்கின்றன.

எங்கள் தெருவில் கொஞ்ச காலத்துக்குள் மூன்று பூனைகள் போயின. ஒன்று விடியற்காலையில் ரோட்டோரம் கிடந்தது. இன்னொன்று வாயில் நுரை தள்ளித் துணி துவைக்கும் கல்லடியில் வந்து விழுந்தது. யாரோ எலிக்கு வைத்த மருந்து. மூன்றாவது போனது போனதுதான். பூனை எலி மருந்தைத் தின்ன வேண்டும் என்பதுகூட இல்லை. மருந்து தின்று தள்ளாடும் எலியைப் பிடித்துத் தின்றாலே விஷம் ஏறிவிடக் கூடும்.

வியாதியும் வெளியிலிருந்துதான் வருகிறது. பூனைகளுக்கு வாந்தியும் கழிச்சலுமாக வந்து இரண்டு மூன்று நாட்களில் குட்டியை முடித்து விடுகிற ஒரு வைரஸ் நோய் இருக்கிறது. சளி, கண்ணில் பீளை, வாய்ப்புண் என்று வரும் பூனைக் காய்ச்சல் இருக்கிறது. கடுவன் பூனைகள் சண்டை போட்டால் பல் பட்ட இடம் மேலே மூடிக் கொண்டு உள்ளே சீழ் வைக்கும். இதற்கெல்லாம் மேலே வெறிநாய்க் கடி வேறு. கறிக்கடை ஓரம் சுற்றும் பூனைக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. 2025-ஆம் வருஷ ஆரம்பத்தில் மத்தியப் பிரதேசத்தில் சிந்த்வாரா என்ற ஊரில் வீட்டுப் பூனைகளுக்குப் பறவைக் காய்ச்சல் இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். நாமக்கல் பக்கம் கோழிப் பண்ணை அதிகம் என்பதால் நாம் பயந்து நடுங்க வேண்டியதில்லை. ஆனால் கோழிக் கழிவைப் பச்சையாகப் பூனைக்குப் போடும் பழக்கத்தை விட்டு விடுவது நல்லது.

பக்கத்து வீடும் குருவிக் கூடும்

பூனையை வெளியே விடுகிறவருக்கு ஒரு சௌகரியம். மணல் மாற்ற வேண்டாம், நாற்றமில்லை. ஆனால் அந்த மணல் எங்கே போகிறது? அடுத்த வீட்டுப் பூச்செடிப் பாத்திக்குப் போகிறது. மொட்டை மாடியில் காயப் போட்ட வடகத்தின் மேல் நடந்து விட்டு வரும். பால் பாத்திரத்தை உருட்டும். நமக்கு அது பொன்னி, அவர்களுக்கு அது திருட்டுப் பூனை. எத்தனையோ தெருச் சண்டைகள் பூனையால் ஆரம்பித்திருக்கின்றன. கோபம் முற்றினால் விஷ உருண்டையில் போய் முடிகிறது.

குருவிகளையும் சொல்ல வேண்டும். பசி இல்லாவிட்டாலும் பூனை வேட்டையாடும். அது அதன் பிறவிக் குணம். நியூசிலாந்தில் ஸ்டீபன்ஸ் தீவு என்று ஒரு சின்னத் தீவு. 1894-ல் அங்கே கலங்கரை விளக்கம் வந்தது, அதோடு பூனையும் வந்தது. பூனைகள் பெருகி, பறக்கத் தெரியாத ஒரு சின்னக் குருவி இனத்தைச் சில வருஷங்களுக்குள் பூண்டோடு தீர்த்து விட்டன. அந்தக் குருவி இனி உலகத்தில் எங்கும் இல்லை.

அதனால்தான் இப்போது சில நாடுகளில் இதைச் சட்டமாகவே போட்டு விட்டார்கள். ஆஸ்திரேலியாவில் கான்பரா நகரில் 2022 ஜூலை 1-க்குப் பின் பிறந்த பூனைகளைச் சொந்த இடத்துக்குள்ளேயே வைத்துக் கொள்ள வேண்டும். அதே 2022-ல் ஜெர்மனியில் வால்டார்ஃப் என்ற ஊரில், தரையில் கூடு கட்டும் கொண்டை வானம்பாடிகள் குஞ்சு பொரிக்கும் காலத்தில், ஊரின் ஒரு பகுதியில் பூனைகளை ஆகஸ்டு கடைசி வரை வெளியே விடக் கூடாது என்று உத்தரவு போட்டார்கள்.

‘பூனைக்கு மணி கட்டி விட்டால் குருவி பறந்து விடாதா?’ என்று கேட்கலாம். பூனைக்கு யார் மணி கட்டுவது என்று காலகாலமாகக் கேட்டுக் கொண்டிருக்கிறோம். இங்கிலாந்தில் எக்ஸெட்டர் பல்கலைக்கழகத்தார் நிஜமாகவே கட்டிப் பார்த்து விட்டார்கள். 2021-ல் வெளியான அந்த ஆய்வில் மணியால் குறிப்பிடும்படியான பலன் எதுவும் தெரியவில்லை. ஆனால் வேறு இரண்டு வழிகளில் பலன் இருந்தது. தானியக் கலப்பில்லாமல் மாமிசச் சத்து நிறைந்த தீனி கொடுத்தபோது வேட்டையாடி வீட்டுக்குத் தூக்கி வருவது 36 சதவீதம் குறைந்தது. தினமும் ஐந்து பத்து நிமிஷம் அதனோடு விளையாடியபோது 25 சதவீதம் குறைந்தது. வயிறும் மனசும் நிறைந்தால் பூனையும் அடங்கித்தான் இருக்கிறது.

எலிக்கு யார் பொறுப்பு?

இவருடைய கேள்வி இதுதான். எங்கள் வீட்டில் மட்டுமில்லை, எல்லா வீட்டிலும் ஆண்கள் கேட்பது இதுதான். பூனை இருந்தால் எலித் தொல்லை தானாக ஒழியும் என்பது முழு நிஜமில்லை. நியூயார்க்கில் ஒரு குப்பைக் கிடங்கில் பூனைகளையும் எலிகளையும் 79 நாட்கள் காமிரா வைத்துக் கவனித்து, 2018-ல் வெளியிட்டார்கள். அத்தனை நாட்களில் பூனைகள் கொன்றது இரண்டே எலிகளை. பெரிய எலி என்றால் பூனையே யோசிக்கும். சுண்டெலியும் சின்ன எலியும்தான் அதற்குத் தோது. எலிகள் பூனைக்குப் பயந்து மறைந்து கொள்ளும், அவ்வளவுதான்.

எங்கள் வீட்டில் அரிசி மூட்டையைக் கெட்டியான மூடி போட்ட டிரம்முக்கு மாற்றினோம். பரணைக் காலி செய்து, ஓட்டுச் சந்துகளில் கம்பி வலை அடித்தோம். மரப் பொறி இரண்டு வைத்தோம். எலி குறைந்தது. பூனை இருக்கும் வீட்டில் எலி மருந்து மட்டும் வைக்கவே வைக்காதீர்கள்.

பிள்ளைத்தாய்ச்சி இருக்கும் வீட்டில்

இனி அத்தை சொன்ன விஷயத்துக்கு வருகிறேன். கர்ப்பிணி இருக்கும் வீட்டில் பூனை ஆகாது என்று சொல்வதில் அர்த்தம் இருக்கிறது. ‘டாக்ஸோபிளாஸ்மா’ என்று ஒரு கிருமி. கர்ப்ப காலத்தில் ஒரு பெண்ணுக்கு அது முதல் முறையாகத் தொற்றினால் கரு கலையலாம், குழந்தையின் கண்ணையும் மூளையையும் பாதிக்கலாம். அந்தக் கிருமியின் முட்டைகள் வெளிப்படுவது பூனை இனத்தின் மலத்தில்தான்.

ஆனால் பூனைக்கு அது எப்படி வருகிறது? எலி, குருவி, பச்சை மாமிசம் இவற்றைத் தின்பதால் வருகிறது. சமைத்த தீனியோ கடைத் தீனியோ தின்று கொண்டு வீட்டுக்குள் இருக்கும் பூனைக்கு வர வாய்ப்பு மிகக் குறைவு. வந்தாலும் முதல் தடவை தொற்றும்போது ஒன்றிரண்டு வாரங்கள்தான் முட்டைகளை வெளியேற்றும். அந்த முட்டைகளும் மலத்தில் வந்தவுடனே தொற்றாது. தொற்றும் பக்குவம் வர ஒரு நாளிலிருந்து ஐந்து நாட்கள் ஆகும். தினமும் மணலை மாற்றினால் பெரும்பகுதி ஆபத்து அதோடு போயிற்று.

“அப்படியானால் வெளியே விட்டால்?” என்று கேட்டேன்.

“வெளியே விட்டா எலியைத் தின்னும். உங்க கீரைப் பாத்தியிலேயே வந்து மூடிட்டுப் போகும். அந்த மண்ணை நீங்க கையால கிளறுவீங்க, கீரையைப் பறிச்சுப் பொண்ணுக்குச் சமைப்பீங்க. பூனையை வெளியே அனுப்பினா ஆபத்தும் வெளியே போயிடும்னு இல்லைம்மா” என்றார் கால்நடை டாக்டர்.

எனக்குக் கண் திறந்த இடம் இதுதான். எந்தக் காரணத்துக்காகப் பூனையை வெளியே தள்ள வேண்டும் என்று சொல்கிறோமோ, அதே காரணத்துக்காகத்தான் அதை உள்ளே வைக்க வேண்டும். டாக்டரம்மாவும் இதையே வேறு விதமாகச் சொன்னார். வேகாத கறி, கழுவாத கீரை, மண் ஒட்டிய கை இவற்றால்தான் அநேகம் பேருக்கு இந்தக் கிருமி வருகிறதாம். பூனையைத் தடவிக் கொடுப்பதால் வருவது அபூர்வம் என்றார்.

அதற்குப் பின் வீட்டில் இந்த விதிகளை வைத்துக் கொண்டோம்.

1. மணல் தட்டைப் பெண் தொடக் கூடாது. தினமும் காலையில் மாற்றுவது இவருடைய வேலை. (முணுமுணுத்துக் கொண்டே செய்தார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்!)

2. வேறு ஆளே இல்லாத வீட்டில் கர்ப்பிணியே மாற்ற வேண்டி வந்தால் கையுறை போட்டுக் கொண்டு தினமும் மாற்றி, பிறகு சோப்பால் கை கழுவ வேண்டும்.

3. தோட்டத்து மண்ணைத் தொட்ட கையைச் சோப்பு போட்டுக் கழுவாமல் அடுப்படிக்கு வரக் கூடாது.

4. கீரையை மூன்று தண்ணீரில் அலச வேண்டும். கறி நன்றாக வேக வேண்டும். பூனைக்கும் அப்படியே, பச்சை மீன் தலை கிடையாது.

5. குழந்தை பிறந்த பிறகு பூனை தொட்டில் பக்கம் போகக் கூடாது. தூளிக்குள் ஏறிப் படுக்கப் பூனைக்கு ரொம்பப் பிரியம், வெதுவெதுப்பாக இருக்குமல்லவா? குழந்தை தூங்கும் அறையின் கதவு சாத்தியே இருக்கட்டும்.

‘பூனை முடி வயிற்றுக்குள் போனால் ஆஸ்துமா வரும்’ என்ற பயமும் பலருக்கு உண்டு. முடி காரணமில்லை. பூனையின் எச்சிலிலும் தோல் பொருக்கிலும் இருக்கும் ஒரு பொருள்தான் ஒத்துக் கொள்ளாதவர்களுக்குத் தும்மலும் இழுப்பும் கொண்டு வருகிறது. ஏற்கெனவே ஆஸ்துமா இருப்பவர் வீட்டில் இருந்தால், பூனை வாங்கும் முன் டாக்டரைக் கேட்டுக் கொள்ளுங்கள்.

கடி, கீறல் பட்டால்

இதை மட்டும் பெரிய எழுத்தில் எழுதி அடுப்படியில் ஒட்டி வைக்கலாம். வெறிநோய் நாயால் மட்டும்தான் வரும் என்று நினைக்காதீர்கள். வெறிநாய் கடித்த பூனைக்கும் வரும், அந்தப் பூனை கடித்தால் நமக்கும் வரும். அறிகுறி தோன்றிய பின் பிழைப்பவர்கள் அநேகமாக இல்லை. 1885-ல் லூயி பாஸ்டர் தடுப்பூசி கண்டுபிடித்துக் கொடுத்தார். நம் பக்கத்தில் குன்னூர் பாஸ்டர் நிலையம் 1907-லிருந்து இருக்கிறது. இத்தனை இருந்தும் ‘பூனைதானே, லேசாகக் கீறிச்சு’ என்று விட்டு விடுவதால்தான் ஆபத்து.

பூனை கடித்தாலோ கீறினாலோ உடனே குழாய்த் தண்ணீரில் சோப்பு போட்டுக் கால் மணி நேரம் கழுவ வேண்டும். மஞ்சள் தூள், சுண்ணாம்பு, காப்பித் தூள் எதையும் அப்பக் கூடாது. அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ அரசு ஆஸ்பத்திரிக்கோ போய்க் காட்ட வேண்டும். அங்கே தடுப்பூசி இலவசம். காயத்தில் ரத்தம் வந்திருந்தால் அதையும் சொல்லுங்கள், அதற்குத் தனியாக ஒரு மருந்து போட வேண்டியிருக்கும். ஊசிக்கு டாக்டர் குறித்துக் கொடுக்கும் நாட்களில் ஒன்றையும் தவற விடக் கூடாது.

வீட்டுக்குள் இருந்தால் ஏங்கிப் போகாதா?

ஒரு வாரம் கத்தும். பொன்னியும் விடியற்காலை நாலு மணிக்குக் கதவண்டை உட்கார்ந்து ஊரைக் கூட்டியது. கத்தும்போதெல்லாம் எழுந்து போய்க் கொஞ்சினால் கத்தினால் காரியம் நடக்கும் என்று கற்றுக் கொள்ளும். அதற்கு வழி இதுதான். ராத்திரி படுக்கப் போகும் முன் ஒரு கயிற்றில் துணிப் பந்தைக் கட்டிப் பத்து நிமிஷம் இழுத்து ஓட விடுங்கள். உடனே கடைசி வேளைச் சாப்பாட்டைப் போடுங்கள். ஓடிப் பிடித்து, தின்று, நக்கித் துடைத்துக் கொண்டு தூங்குவது பூனையின் இயற்கை. விடியும் வரை சத்தம் வராது.

ஜன்னல் ஓரத்தில் ஒரு பலகை போட்டு வையுங்கள். தெருவையும் அணிலையும் பார்த்துக் கொண்டே பொழுது போகும். சாமான் வந்த அட்டைப் பெட்டி ஒன்று கிடந்தால் அதுவே மாளிகை. நகம் பிறாண்டச் சாக்குச் சுற்றிய கட்டை ஒன்று வேண்டும், இல்லாவிட்டால் நாற்காலி பாழ்.

மணல் தட்டுக்கு ஆற்று மணலைத் தேடிப் போக வேண்டாம், அது விற்கிற விலையில் கட்டுப்படியாகாது. மர மில்லில் கிடைக்கும் மரத்தூளோ, கயிற்று ஆலைகளில் மலை மலையாகக் கிடக்கும் தென்னை நார்க் கழிவைக் காய வைத்ததோ போதும். பழைய பிளாஸ்டிக் பேசினில் மூன்று விரல் கனத்துக்குக் கொட்டி, சாப்பாட்டுத் தட்டுக்கு எட்டத்தில் வைக்க வேண்டும். தின்கிற இடத்துக்குப் பக்கத்தில் பூனை அசிங்கம் செய்யாது.

வெறும் பால் சோறு போட்டு உள்ளே பூட்டி வைப்பது பாவம். பெரிய பூனைகளில் பலவற்றுக்குப் பால் செரிக்காமல் கழியும். மாமிசத்தில் இருக்கும் ‘டாரின்’ என்ற சத்து இல்லாவிட்டால் பூனைக்குக் கண் பார்வை கெடும், இருதயம் வீங்கும். வெளியே திரியும் பூனை எலியைத் தின்று ஈடு செய்து கொள்ளும். உள்ளே இருப்பதற்கு நாம்தான் கொடுக்க வேண்டும். உப்பு, காரம், வெங்காயம் சேர்க்காமல் வேக வைத்த மீனோ கோழியோ, அதோடு கடையில் விற்கும் பூனைத் தீனி கொஞ்சமோ கொடுக்கலாம். சுத்த சைவ வீட்டில் முழுக்கக் கடைத் தீனியே கொடுக்கலாம். காய்ச்சல் என்று நம் பாராசிட்டமால் மாத்திரையைக் கொடுத்து விடாதீர்கள், பூனைக்கு அது விஷம். நாய்க்குப் போடும் உண்ணிப் பவுடரையும் பூனைக்குப் போடக் கூடாது.

மாடி வீட்டுக்காரர்கள் ஜன்னலுக்கு வலை அடிக்காமல் பூனை வளர்க்க வேண்டாம். ‘எங்கிருந்து விழுந்தாலும் நாலு காலில் நிற்கும்’ என்பதை நம்பாதீர்கள். 1987-ல் நியூயார்க் டாக்டர்கள் எழுதினார்கள். ஐந்தே மாதத்தில் உயரமான கட்டடங்களிலிருந்து விழுந்த 132 பூனைகள் ஒரே ஆஸ்பத்திரிக்கு வந்தனவாம். பத்தில் ஒன்பது பிழைத்தன என்றாலும், பலவற்றுக்கு நெஞ்சிலும் தாடையிலும் காலிலும் அடி. சிங்கப்பூரில் நம் தமிழர்கள் பலர் குடியிருக்கும் அரசாங்க அடுக்குமாடி வீடுகளில் பூனை வளர்க்கவே முன்பு அனுமதி இல்லை. 2024 செப்டம்பர் 1 முதல் வீட்டுக்கு இரண்டு பூனை வரை, லைசென்ஸ் எடுத்து வளர்க்கலாம் என்று ஆகியிருக்கிறது. அத்தனை சின்ன வீடுகளிலும் பூனைகள் சந்தோஷமாக இருக்கின்றன. இடம் எவ்வளவு என்பதைவிட, கவனிக்கிற ஆள் இருக்கிறாரா என்பதுதான் பூனைக்கு முக்கியம்.

முதலில் செய்ய வேண்டியது

உள்ளே வைத்தாலும் சரி, வெளியே விட்டாலும் சரி, கருத்தடை ஆபரேஷன் செய்யாமல் முடியாது. நாலைந்து மாதத்திலேயே பெட்டைப் பூனை சினைப் பருவத்துக்கு வந்து விடும். சுமார் 65 நாளில் குட்டி போடும். வருஷத்துக்கு இரண்டு மூன்று ஈற்று. பிறகு குட்டிகளைக் கோணிப் பையில் போட்டுச் சந்தைப் பக்கம் விட்டு விட்டு வருகிற பாவத்தைச் செய்கிறோம். கடுவனுக்குச் செய்தால் ஊர் சுற்றுவதும் சண்டையும் சுவரில் மூத்திரம் பீய்ச்சுவதும் குறையும். ஆபரேஷன் ஆன பூனை பாதி வீட்டுப் பூனையாகி விடும்.

தடுப்பூசி எட்டு வாரத்தில் ஆரம்பிக்க வேண்டும். மூன்று மாதத்தில் வெறிநோய் ஊசி, பிறகு டாக்டர் சொல்கிறபடி வருஷா வருஷம். குடற்புழு மருந்தும் உண்டு. நம் பக்கத்துக்காரர்களுக்கு இதில் குறையில்லை. நாமக்கல்லில் 1985 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ஆத்தூர் தாண்டித் தலைவாசலிலும் ஒன்று வந்து விட்டது. ஊர் ஊருக்குக் கால்நடை மருந்தகம் இருக்கிறது. மாட்டுக்கு மட்டும்தான் அது என்று நினைத்துப் போகாமல் இருக்காதீர்கள்.

உங்கள் வீட்டுக்கு எது?

பூனையின் ஆசையைப் பார்த்து முடிவு செய்வதை விட, வாசலுக்கு வெளியே இருப்பதைப் பார்த்து முடிவு செய்யுங்கள் என்பதே என் அபிப்பிராயம்.

ரோட்டு ஓரத்து வீடு, நெருக்கமான தெரு, மாடிக் குடித்தனம், கர்ப்பிணியோ கைக்குழந்தையோ இருக்கும் வீடு என்றால் முழுக்க உள்ளேதான்.

சுற்றுச் சுவரும் பின்வாசலும் உள்ள வீடு என்றால், பகலில் நாம் துணி உலர்த்தும் நேரம், பாத்திரம் தேய்க்கும் நேரம் நம் கண் பார்வையில் அரை மணி ஒரு மணி விடலாம். விளக்கு வைக்கும் முன் உள்ளே அழைத்து விட வேண்டும். லாரி வெளிச்சத்தில் கண் கூசி அடிபடுவதும், கடுவன் சண்டையும் இருட்டில்தான் அதிகம். சாப்பாட்டு வேளையை அந்தி நேரத்துக்கு வைத்துக் கொண்டால் தானாகவே வந்து விடும்.

தோட்டத்து வீட்டில், ரோடு எட்டத்தில் இருந்து, பண்டம் பாடிகளோடு வளரும் பூனை சுற்றித்தான் திரியும். அதைத் தடுக்க முடியாது. அங்கேயும் ஆபரேஷன், தடுப்பூசி, ராத்திரிக்கு ஒரு மூடிய இடம் இந்த மூன்றும் வேண்டும். ஏற்கெனவே இரண்டு மூன்று வருஷம் வெளியே சுற்றிப் பழகியதை ஒரே நாளில் பூட்டினால் மிரளும். ராத்திரியில் ஆரம்பித்து, மெள்ள மெள்ள நேரத்தைக் கூட்டுங்கள்.

பெண் வந்து, பிரசவமாகி, ஐந்தாம் மாதம் புருஷன் வீட்டுக்குப் போனாள். தாயும் குழந்தையும் சௌக்கியம். பொன்னிக்கு ஆபரேஷன் ஆகி விட்டது, பகலில் ஒரு மணி நேரம் பின்வாசல் உண்டு. அத்தை இன்னும் பூனையைத் தொடுவதில்லை. ஆனால் சாயங்காலம் ஆறு அடித்தால், “ஏங்கண்ணு, அது உள்ள வந்துடுச்சா? கதவைச் சாத்தட்டுமா?” என்று கேட்பவர் அவர்தான்.